செல்வி அக்காவின் வலது தோள்

உருகிய மெழுகின் வாசனை…

தாராவியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபி கிளினிக்கை நினைத்தால் அதுதான் முதலில் வரும். விரல் மடக்க முடியாதவர்கள் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். ஆறியதும் வெள்ளைக் கையுறை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

காலேஜ் முடித்த கையோடு அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்தேன். கூட்டமில்லாத மதியங்களில் அப்பாயின்ட்மென்ட் கார்டின் பின்பக்கம் கை, கால், காது என்று ஏதாவது வரைந்துகொண்டிருப்பேன். ஒருநாள் டாக்டர் மேடம் பார்த்துவிட்டார். மராத்திக்காரர், எங்களோடு ஹிந்தியில்தான் பேசுவார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேஷன்ட்டுகளுக்கு எக்சர்சைஸ் படம் போட்டுத் தருவாயா என்று கேட்டார்!

அங்கே வருகிறவர்களில் பலருக்குப் படிக்க வராது. அதுவரை கொடுத்துவந்த, இன்டர்நெட்டில் எடுத்த பிரின்ட் அவுட்டில் பொம்மை மாதிரி ஒரு வெளிநாட்டுக்காரி, கீழே வரிவரியாக இங்கிலீஷ். வீட்டுக்குப் போனதும் அதை மடித்து எங்காவது சொருகிவிடுவார்கள்.

அன்றைக்கே மாதுங்கா வரை நடந்துபோய் புதுப் பென்சில்கள் வாங்கினேன்.

முதல் படம், தோள் இறுகிப்போனவர்களுக்கானது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். வரைந்து முடித்து, விரலால் தேய்த்துத் தேய்த்து ஷேடிங் கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். மேடமும் அவசரத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தப் படம் செல்வி அக்காவுக்குப் போனது.

செல்வி அக்கா திருநெல்வேலிப் பக்கம். ஒரு கார்மென்ட் யூனிட்டில், இஸ்திரி போட்ட சட்டைகளை உயரக் கம்பியில் மாட்டுகிற வேலை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சீக்கிரம் சரியாகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் வந்தபோது கழுத்தும் பிடித்துக்கொண்டிருந்தது. மேடம் எக்சர்சைஸைச் செய்து காட்டச் சொன்னார். அக்கா சுவரோரம் நின்று விரல்களை ஏற்றினார். கூடவே தோளும் காதுவரை ஏறியது.

"அரே, தோளை ஏன் தூக்குறீங்க?"

மேடம் ஹிந்தியில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அக்கா பையிலிருந்து என் படத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல இப்பிடித்தான போட்டுருக்கு… அதான் நானும் தூக்குதேன்."

பார்த்தேன். ஆமாம், படத்திலிருந்த பெண்ணுக்குத் தோள் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்தே இல்லை. எனக்கு முகமெல்லாம் சுட்டது. "இனிமே நான் வரையல மேடம்" என்று சொல்லிக் காகிதத்தைக் கிழிக்கப்போனேன்.

"ஏட்டி, எதுக்குக் கிழிக்க? நான் இங்கனதான நிக்கேன்… பாத்துப் போடு!"

அன்றிலிருந்து அக்கா வரும்போதெல்லாம், சிகிச்சை முடிந்ததும் கொஞ்ச நேரம் எனக்காகச் சுவரோரம் நிற்பார். ஒருநாள் மேடம் என் உள்ளங்கையை எடுத்து அக்காவின் முதுகில் வைத்தார். கை மேலே போகப் போக, தோள்பட்டை எலும்பு உள்ளுக்குள் சுழன்று நகர்வது கையில் தெரிந்தது. தோளைத் தூக்காமலே கை எப்படி உயர்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த படத்தில் கழுத்து வந்துவிட்டது. பெருமையாகக் காட்டினேன்.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முதுகு பூரா ஏன் இப்பிடி அழுக்கா இருக்கு? நான் குளிக்காமலா வந்துருக்கேன்?"

நான் அதை ஹிந்தியில் சொன்னதும் மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார். வெளிச்சம் ஒரு பக்கம்தானே வருகிறது, எல்லா இடத்தையும் ஏன் கறுப்பாக்குகிறாய்? தசை எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே மட்டும் அழுத்திப் போடு, மற்றதை விட்டுவிடு என்றார். விரலால் தேய்ப்பதை விட்டேன். உடம்பு வளைகிற பக்கமாகவே மெல்லிய கோடுகளாகப் போட்டுப் பழகினேன்.

எத்தனை தாள் வீணானதோ!

கடைசியில் ஒரு படத்தை, ஒரு வார்த்தையும் சொல்லாமல், அக்காவின் கையில் கொடுத்தேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினார். விரல்கள் மெதுவாக ஏறின… தோள் கீழேயே இருந்தது.

"இங்கனதான இழுக்கணும்?" என்று, நான் கறுப்பாக்கியிருந்த அதே இடத்தைத் தொட்டுக் காட்டினார். மேடம் கைதட்டினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அக்கா படத்தை மறுபடியும் பார்த்தார்.

"எல்லாஞ்சரி… கட்டவெரலு இந்தப் பக்கம்லா இருக்கணும்? யாரு கைய வாங்கி எனக்கு மாட்டுன?"

மழைக்காலம் முடிவதற்குள் அக்காவின் கை கம்பியைத் தொட்டுவிட்டது. வேலையும் நிலைத்தது. படம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பதாகவும், பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து பார்த்துச் செய்துவிட்டுப் போவதாகவும் சொன்னார்.

இப்போது நான் வாஷியில் இருக்கிறேன். மருத்துவமனைகளுக்குப் படம் வரைவதுதான் தொழிலே. எல்லாம் டேப்லெட். அப்போது தப்பாகப் போட்ட கோட்டை எவ்வளவு அழித்தாலும் தாளில் லேசாகத் தடம் இருக்கும். இப்போது ஒரு தட்டு, போயே போச்சு. ஆன்லைனில் படம் போட்டால் ஹார்ட், கைதட்டல், "வாவ் மேம்"… சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, இது தப்பு என்று சொல்ல ஆளில்லாமல் ஒரு மாதிரி இருக்கும்.

போன வாரம் ஒரு மருத்துவமனைக்குக் குதிகால் வலிக்கான படம் ஒன்றை, கீழே என் போன் நம்பரோடு, அனுப்பியிருந்தேன். தாணேயிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பேஷன்ட் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க… இப்படி நின்னா மனுஷன் பின்னாடி விழுந்துருவான்."

எழுந்து நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. சிரித்துக்கொண்டே உட்கார்ந்து முழுப் படத்தையும் அழித்தேன்.

"எப்படி நிக்கிறீங்கன்னு ஒரு போட்டோ அனுப்புங்க, பாத்து வரையறேன்" என்று அவருக்குப் பதில் போட்டேன்.