வீட்டு வைஃபையிலிருந்து ஒரு லைக்

நான் பதிவு போடும் இந்தத் தளத்தில் என் நன்மதிப்பு ஸ்கோர் திடீரென்று இறங்கிவிட்டது. காரணம் புரியாமல் இன்று முத்தியால்பேட்டை ரீசார்ஜ் கடையில் போனை நீட்டினேன்.

கடைக்கார பாய் விவரத்தைத் திறந்து பார்த்தார்.

"நீங்க போஸ்ட் போடறதுக்கெல்லாம் நல்ல மார்க்குதான்க்கா. ஆனா எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் லைக் போடறாரு, அதுவும் ஒங்க வீட்டு வைஃபையிலேர்ந்து. அத போலி லைக்குன்னு சைட்டு நெனச்சிக்கிது. யாருக்கா அது?"

"வீட்டுக்காரரு."

"அண்ணன கொஞ்சம் கம்மி பண்ணிக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் பாய்."

வீட்டுக்கு வந்தேன். மாலை போட்ட அவர் படத்துக்குக் கீழே அவருடைய போன் வழக்கம்போல் சார்ஜில் இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அதை எடுத்து லைக் போடுவது நான்தான்.

இன்று அதைத் தொடவில்லை.

இந்தப் பதிவுக்கு லைக் போடுகிறவர்கள் தயவுசெய்து வேறு வீட்டிலிருந்து போடவும்.