கினியாக் கரைக்குப் போன எங்கள் துணி

அந்த நாட்களில் நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் தரை கழுவிக்கொண்டிருந்தேன். சில்க்போர்க்கிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால் வரும் சிறிய நகரம் அது. மட்டக்களப்பில் நான் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவன். டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அகதியாக ஏற்று வதிவிட அனுமதியும் தந்துவிட்டார்கள். மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். சட்டப்படி அது என் உரிமை என்று எல்லோரும் சொன்னார்கள். மாதத்துக்கு ஒருமுறை பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்பேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் என் தாளைப் பார்க்காமலே, "பரிசீலனையில் இருக்கிறது" என்பாள். டேனிஷ் மொழியில் நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் வசனம் அதுதான்.

அந்த இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் வேலையில் கானா நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று அறிந்த நாளிலிருந்து என்னை "மை பிரதர்" என்றுதான் கூப்பிடுவார். நான் மனதுக்குள் அக்கா என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் நாலு தமிழர் ஒரு வீட்டில் இருந்தோம். அங்கே அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், கறுப்பினத்தவரை எங்கள் ஊரில் இழிவாகச் சொல்லும் சொல்லால் 'காப்பிலிச்சி' என்பார்கள். முதல் வாரங்களில் நானும் அப்படித்தான் சொன்னேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன்?

ஒரு கிழவர் இருந்தார். அந்தக் கானாப் பெண்ணின் கை தன்மேல் படக்கூடாது என்று தினமும் கத்துவார். அவர் கத்தி முடியுமட்டும் இவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். பிறகு குளிப்பாட்டுவார். ஒருநாள் அந்தக் கிழவரைப் பார்க்க வந்த பேரப்பிள்ளையின் பாடப்புத்தகம் மேசையில் கிடந்தது. அதிலே பாய்மரக் கப்பல் படம். 'நமது மேற்கிந்தியத் தீவுகள்' என்று தலைப்பு; கரிபியன் கடலில் டென்மார்க் ஒருகாலத்தில் ஆண்ட தீவுகள். கானாப் பெண் அதை நின்றபடியே வாசித்தார். "கரும்பு இருக்கிறது, சீனி இருக்கிறது, கப்பல் இருக்கிறது. எங்கள் ஆட்களைப் பற்றி இரண்டு வரி" என்றார். "என் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இவர்களுடைய கோட்டை நிற்கிறது. அது எங்கே?"

அடுத்த நாளே நூலகத்துக்குப் போய்விட்டார். அந்த இலையுதிர்காலத்து நிகழ்ச்சிகளின் பட்டியலில் கம்பளி பின்னல் இருந்தது, முத்திரை சேகரிப்பு இருந்தது. கறுப்பு மக்களின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் மூன்று மாலைகள் வேண்டும் என்று கேட்டார். நூலகர் நல்ல மனிதர். உடனே சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, "மேளம் இருக்கும்தானே? சாப்பாடும் இருக்குமா?" என்று கேட்டார்.

மேளமும் இருந்தது, சாப்பாடும் இருந்தது. கதிரைகள் அடுக்கியது நான். ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு மாணவன் வந்து மேளம் அடித்தான். சோறும் நிலக்கடலைக் குழம்பும் அவரே சமைத்துக் கொண்டுவந்திருந்தார். சனம் நிறைந்து சுவரோரமாக நின்றது. மேளத்தைக் கேட்க எனக்கு மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் ஆடுகிற கஃபிரிஞ்ஞா நினைவுக்கு வந்தது. அந்த ஆட்டத்தின் பெயரிலேயே காப்பிரி என்ற ஆபிரிக்கன் இருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவரிடம் சொன்னேன்.

"எங்கள் கண்டத்து ஆட்கள் எங்கள் தீவுக்கும் போயிருக்கிறார்கள்" என்றேன். உங்கள் கண்டத்து என்று சொல்ல வந்தது வாய்தவறிவிட்டது.

"போயிருக்க மாட்டார்கள், மை பிரதர்" என்று திருத்தினார். "கொண்டுபோயிருப்பார்கள்." பிறகுதான் சிரித்தார். "எங்கள் கண்டம் என்று சொன்னாய், கவனித்தாயா?"

இரண்டாவது மாலைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அன்று மேளமில்லை. கானாவின் பழைய பெயரான பொன்கரையில் இருந்த டேனிஷ் கோட்டைகள், கப்பலின் அடித்தட்டு, தீவுகளில் நடந்த எழுச்சிகள் என்று ஒரு மணித்தியாலம் பேசினார். அவருடைய டேனிஷ் என்னுடையதைவிடப் பல மடங்கு நல்லது. முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழும்பினார்.

"அடிமை வியாபாரத்தை முதலில் தடைசெய்தது எங்கள் நாடு. அதையும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லலாம். தடைசெய்கிறதுக்கு முதல் அதைச் செய்திருக்கவேண்டும். நான் அந்த 'முதல்' காலத்தைப் பற்றித்தான் பேசினேன்" என்றார் அவர்.

யாரும் கைதட்டவில்லை. நான் மட்டும் பின்வரிசையில் இருந்து தட்டினேன். இரண்டு தரம் தட்டிவிட்டு, தனியாகத் தட்டுகிறேன் என்று விளங்கியதும் நிறுத்திவிட்டேன்.

அன்று கதிரைகளை அடுக்கும்போது அவர் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் விரித்தார். கப்பல்களில் ஏற்றிய சாமான்களின் பட்டியல். துப்பாக்கி, பிராந்தி, இரும்பு. அதோடு பருத்தித் துணி, பல வகை. பக்கத்தில் இடத்தின் பெயர் இருந்தது: ட்ராங்கேபார்.

"இது உங்கள் ஆட்களின் ஊர்தானே?"

தரங்கம்பாடி. எங்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டுக் கரையில் டேனிஷ்காரர் இருநூறு வருடத்துக்கு மேல் இருந்தார்கள் என்பது எனக்குப் பெயரளவில்தான் தெரியும். தமிழ் நெசவாளர் நெய்த துணியைக் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேற்கு ஆபிரிக்காவின் கினியாக் கரையில் இறக்கி, அதைக் கொடுத்து மனிதரை வாங்கினார்கள் என்பது தெரியாது.

"மூன்றாவது மாலையில் இதை நீ பேசவேண்டும். நான் சொன்னால் ஒரு கறுப்புப் பெண் முறைப்பாடு சொல்கிறாள் என்பார்கள். நீயும் நானும் பக்கத்தில் நின்றால் கதை முழுதாகும்" என்றார்.

ஊரைவிட்டு வந்தபிறகு ஒருவர் என்னிடம் எதையாவது படிப்பிக்கக் கேட்டது அதுதான் முதல்தடவை. இரண்டு கிழமை அந்தப் புத்தகத்தோடு இருந்தேன். அகராதியை வைத்து நாலு பக்கம் டேனிஷில் எழுதினேன். வேலை இடைவேளைகளில் அவர் திருத்தித் தந்தார். நல்ல பிரதி எடுத்துத் தருகிறேன் என்று அந்தத் தாள்களை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் மூத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. ஊரில் தபாலதிபராக இருந்தவர். எல்லோருடைய விண்ணப்பக் கடிதங்களையும் அவர்தான் பார்த்துத் தருவார். பேச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நூலகத்தின் அறிவித்தலை அவர் கண்டுவிட்டார். அதில் 'ஒரு தமிழ் அகதியும் உரையாற்றுவார்' என்று இருந்தது.

"தம்பி, இது நீயோ?"

"ஓம் அண்ணை. பழைய காலத்துத் துணி வியாபாரத்தைப் பற்றித்தான் கதைக்கப் போறன்."

"பேப்பர்காரன் வருவானோ?"

"வருவான் எண்டுதான் சொன்னவை."

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். "இஞ்ச பார். உன்ர படம் பேப்பரில வந்தா அதை வெட்டி உன்ர ஃபைலுக்கை வைப்பாங்கள். சோறு போட்ட நாட்டைக் குறை சொன்னவன் எண்டு எழுதுவாங்கள். அங்க ஆமிக்காரனும் ஷெல்லடியும். உன்ர மனிசியும் பிள்ளையும் அதுக்கை இருக்கினம். உனக்கு அவை முக்கியமோ, இந்தக் காப்பிலிச்சியின்ர கதை முக்கியமோ?"

"அவ நல்ல மனிசி, அண்ணை."

"நல்ல மனிசியாய் இருக்கட்டும். எங்கட ஆக்கள் இஞ்ச வெள்ளைக்காரனுக்குப் பிடிச்ச மாதிரி இருந்துதான் இவ்வளவு தூரம் வந்தனாங்கள். அவையோட சேர்ந்து நிண்டா எங்களையும் அவையோடதான் சேர்ப்பாங்கள்."

அவர் கெட்ட மனிதரல்ல. அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் இதே வரிசையில்தான் நின்றார்கள். பயத்தைத்தான் புத்தியாக எனக்குத் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் பேச்சு நாள் மாலை சேர்ட் மினுக்கிப் போட்டுக்கொண்டு நூலகம்வரை போனேன். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. வீதிக்கு எதிர்ப்பக்கத்தில் பூட்டிய சப்பாத்துக் கடை வாசலில் நின்றேன். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. இருபது பேரளவில் இருந்தார்கள். கமராவோடு ஒருவன் ஓரமாக நின்றான். முன்வரிசைக்கு முன்னால் இரண்டு கதிரை போட்டு, ஒன்றில் அவர் இருந்தார். மஞ்சள் நிறத்தில் தலைக்கட்டுக் கட்டியிருந்தார். இரண்டுதரம் எழுந்து வாசல்வரை வந்து வெளியே பார்த்தார். இரண்டாவது முறை என்னைக் கண்டாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். பிறகு உள்ளே போய் என் தாள்களைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை வேலைத்தலத்தில் சலவை அறையில் அவரைச் சந்தித்தேன். தாள்களை மடித்து என் கையில் தந்தார்.

"சுகமில்லையா?"

"அப்படி ஒன்றுமில்லை."

"பயந்துவிட்டாயா?"

"என் மனைவியும் மகளும்… விண்ணப்பம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் கழுவிய படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் இரண்டு மகன்மார் அக்ராவில் இருக்கிறார்கள். என்னுடைய விண்ணப்பமும் அதே அமைச்சில்தான் இருக்கிறது."

எனக்கு அது தெரியாது. ஒரு வருடமாகப் பக்கத்தில் வேலை செய்திருக்கிறேன். பிள்ளைகள் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்னுடைய கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் என்னோடு முகம் முறிக்கவில்லை. காலையில் வணக்கம் சொல்வார். மை பிரதர் என்று மட்டும் கூப்பிடவில்லை.

அடுத்த வருடக் கோடைக்கு முன் அவர் வேலையை விட்டுப் போனார். மூத்த மகனுக்கு வயது கடந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்களாம். இளையவனைத் தனியே அழைக்க மனம் வரவில்லை, இங்கிலாந்தில் சகோதரியிடம் போகிறார் என்று இல்லத்தின் சமையல்காரி சொன்னாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஏன் சொல்லவேண்டும்?

என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது நாங்கள் பிரிந்து நாலரை வருடம் ஆகியிருந்தது. விமான நிலையத்தில் மகள் என்னை "மாமா" என்று கூப்பிட்டாள். மனைவி திருத்தினாள். பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு தை மாதம், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்கள் ஏன் தேங்கின என்ற விசாரணையின் அறிக்கை வந்து டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. அண்ணையும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பார்த்தோம். எங்கள் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கச் சொன்னது அந்த நாளைய நீதி அமைச்சரே. சட்டத்துக்கு மாறாக, தெரிந்தே. என் பெயர் பேப்பரில் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த நாட்களில் என் ஃபைலை ஒருவரும் திறந்திருக்கப்போவதில்லை. நல்லவனாக நடந்து காட்டினேன். பார்க்க அங்கே ஆளில்லை.

அண்ணை எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, "நான் அண்டைக்கு உனக்குச் சொன்னது பிழை, தம்பி" என்றார்.

"நீங்கள் சொன்னீங்கள். நிண்டது நான்தானே" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. சப்பாத்துக் கடை வாசலைப் பற்றி நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த வசந்தத்தில் நூலகர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். இப்போது தமிழர் என்றால் எல்லோருக்கும் இரக்கம். தரங்கம்பாடித் துணியைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார். பேசினேன். மண்டபம் நிறைந்திருந்தது. இதை எனக்குக் காட்டித் தந்தது இந்த ஊரில் வேலை செய்த கானா நாட்டுப் பெண்மணி, இந்தப் பேச்சை முதலில் இதே இடத்தில் வாசித்ததும் அவர்தான் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். கேள்வி நேரத்தில் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள், நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டார்கள். எழும்பி நின்று கைதட்டினார்கள். அவரைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பேப்பரில் என் படம் பெரிதாக வந்தது. அவரைப் பற்றி நான் சொன்ன வசனத்தை வெட்டிவிட்டார்கள்.

மகள் அப்போது நாலாம் வகுப்பு. மண்டபத்தில் தாயோடு முன்வரிசையில் இருந்தவள், வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: "அந்த ஆன்ட்டி இப்ப எங்கே அப்பா? அவ உங்கட ஃபிரெண்டா?"

"வேலை செய்த இடத்தில் தெரிஞ்ச ஒரு ஆள்" என்றேன்.