சங்குப் பலகையில் சுற்றிய தங்கூசி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியின் பலேர்மோவில், நாங்கள் குடியிருந்த சீசாப் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டம்மாவின், வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். சமைப்பது, துடைப்பது, நாயை நடக்கக் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். மன்னார்க் கடலில் பன்னிரண்டு வருடம் சங்கு குளித்தவன் இங்கே மாபிள் தரை துடைக்கிறேனே என்று உள்ளுக்குள் கொஞ்சம் ரோசமும் இருந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சிஞ்ஞோராவின் தம்பி வந்திருந்தார். தீவு நாடுகளுக்கு மீன்பிடி பற்றி ஆலோசனை சொல்வது அவர் வேலை. கோப்பி கொண்டுபோய் வைக்கும்போது மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சங்கின் படம்! இலங்கையில் சங்கு ஏன் குறைந்துகொண்டே போகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாராம். இதை நான் குளித்து எடுத்திருக்கிறேன் என்று வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். மனிதர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்திவிட்டார்.

அளவுப் பலகையைப் பற்றிக் கேட்டார். நடுவில் வட்ட ஓட்டை போட்ட பலகை அது. கரைக்கு வரும் சங்கை அந்த ஓட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும். விழுந்தால் இன்னும் முட்டையிடாத குஞ்சு. திரும்பக் கடலில் போட வேண்டும். விழாமல் நின்றால் எடுக்கலாம். நீங்கள் அப்படித்தான் செய்தீர்களா என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒன்று விடாமல் திருப்பிப் போட்டோம் என்றேன். வெள்ளைக்காரருக்கு முன்னால் நம்முடைய ஆட்களை விட்டுக்கொடுக்கலாமா?

அவர் முகம் வாடிவிட்டது. தமக்கையிடம் அவர் சொன்னது எனக்கும் விளங்கியது. குஞ்சுகளையெல்லாம் திருப்பி விட்டும் சங்கு குறைகிறது என்றால் பலகையால் பயனில்லை. பல வருடங்களுக்குச் சங்கு குளிப்பதையே அடியோடு நிறுத்தச் சொல்வதுதான் வழி. மறுநாள் நாப்போலி நகருக்குப் போகும் கப்பலில் ஏறுமுன் அப்படியே எழுதி முடிக்கப் போவதாகவும் சொன்னார்.

ஆனால் நான் சொன்னது பச்சைப் பொய். எங்கள் முதலாளியான சம்மாட்டியின் படகுகள் கொண்டுவரும் சங்கை அளந்தவனே நான்தான். ஓட்டையின் உள்விளிம்பில் தங்கூசியை, அதுதான் தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நரம்பை, நாலு சுற்றுச் சுற்றி ஒட்டி மேலே தார் பூசியிருந்தேன். ஓட்டை சுருங்கிவிடும். விழ வேண்டிய குஞ்சும் விழாமல் நிற்கும். அப்போது அதைக் கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன். சம்மாட்டி முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கட தம்பி இப்பவும் அங்கை சங்குதானே குளிக்கிறான்? நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கோ."

"சொன்னா சிஞ்ஞோரா என்னைக் கள்ளன் எண்டெல்லோ நினைப்பா. வேலை போனா பெர்மெஸ்ஸோவும் போயிடும்."

அந்த மாதம்தான் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கச் சிஞ்ஞோரா கடிதம் தருவதாக இருந்தது. மனைவி அதையும் யோசிக்காமல் இல்லை.

"நாங்கள் வேறை வீடு பாப்பம். அவன் வேறை கடலுக்கு எங்கை போறது?" என்றாள்.

காலையில் போனபோது சிஞ்ஞோராவும் அவருடைய தம்பியும் குசினியில் இருந்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் இத்தாலியன் இல்லை. பிஸ்கட் வெட்டும் வளையத்தை எடுத்து, அதற்குள் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைப் போட்டேன். விழுந்தது. பிறகு இறைச்சி கட்டும் நூலை வளையத்தின் உள்ளே சுற்றி அதே பழத்தைப் போட்டேன். சிக்கி நின்றது. இதைச் செய்தவன் நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

திடீரென்று சிஞ்ஞோராவின் தம்பி எழும்பி ஓடிப்போய் அறிக்கையை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். அந்த விதி பலிக்கவில்லை என்று நினைத்தேன், அதை யாரும் கடைப்பிடிக்கவே இல்லையே என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, விதியை நீர் செய்வதென்றால் எப்படிச் செய்வீர் என்று கேட்டார்.

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தெரிந்த சொற்களையும் கையசைப்பையும் வைத்து, கரையில் அளக்கக் கூடாது என்றேன். படகு கரைக்கு வருமுன் குஞ்சு வெயிலில் காய்ந்து செத்துவிடும், பிறகு கடலில் போட்டு என்ன பயன்? பலகையைப் படகில் வைத்து, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். சம்மாட்டியின் ஆளிடம் கொடுக்காமல் குளிப்பவர்களே மாறிமாறி அளக்க வேண்டும். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

சிஞ்ஞோரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வீட்டில் எங்கெங்கே நூல் சுற்றி வைத்திருக்கிறாய்?" என்றார். மாதா அறிய ஒன்றும் இல்லை என்று நான் பதறியதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கிழமையே கடிதத்தைக் கையில் தந்தார்.

சங்கு குளிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, படகிலேயே அளக்கச் சொல்லியிருக்கிறேன் என்று சில மாதம் கழித்துச் சிஞ்ஞோராவின் தம்பி தெரிவித்தார். அந்தப் போர்க் காலத்தில் அரசாங்கம் அதைப் படித்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் நான் என் தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். நெடுநாள் கழித்துப் பதில் வந்தது. "அண்ணை, எங்கட வள்ளத்திலை இப்ப பலகை இருக்கு. குஞ்சுகளை எடுத்த இடத்திலையே விடுறம். முதல்லை எல்லாரும் சிரிச்சவை. இப்ப பக்கத்து வள்ளக்காரரும் பலகை கேக்கினம்." அதைப் படித்துவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

என் ஆட்களின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் அவர்களுடைய வயிற்றிலேயே அடிக்க இருந்தது; அதனால் இன்றைக்கும் யாராவது எங்கள் கடலைப் பற்றிக் கேட்டால், முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதைக்குப் போகிறேன்.