புது இடாப்பு வரும்வரை

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் கொடுத்த துண்டுச் சீட்டு என் பழைய நாட்குறிப்பு ஒன்றுக்குள் இருக்கிறது. அத்தானின் பெயரைக் கரவெட்டி வாக்காளர் இடாப்பிலிருந்து நெல்லியடி இடாப்புக்கு மாற்றும் விண்ணப்பம் கிடைத்தது என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. ஆவணியில் எழுதியது. எழுதிய அன்றே தம் வாக்கு நெல்லியடிக்குக் குடிவந்துவிட்டதாக அத்தான் நம்பினார்.

அவரும் அப்படித்தான் வந்தவர். அக்காவைக் கட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு. பிறந்த வீடு கூப்பிடு தூரம். ஆனால் தமையன் வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்தார் என்ற சண்டையில், இனிக் கரவெட்டி மண்ணை மிதிப்பதில்லையென்று பிள்ளையார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். வாக்கை மாற்றியதும் அதனால்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில் ஊரோடு சேர்ந்து தேர்தலைப் பகிஷ்கரித்தவர், இடைத்தேர்தலன்று காய்ச்சல். ஆகவே முப்பத்தாறில் போடவிருந்ததே அவருடைய முதல் வாக்கு.

நெல்லியடிச் சாவடியில் பெயர் இல்லை. துண்டை நீட்டினார். அதிகாரி பொறுமையாகப் படித்தார்.

"எழுதினது சரி. உது புது இடாப்பு வந்தாப்பிறகுதான் செல்லும். அதுமட்டும் உங்கடை வோட்டு கரவெட்டியிலைதான்."

வீடு திரும்பி நெடுநேரம் யோசித்தவர், மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்தார். கரவெட்டியில் சாவடியான பள்ளிக்கூடத்தின் விறாந்தை சீமெந்து. சீமெந்து மண்ணாகாது என்பது அவர் வாதம். "பிள்ளையாருக்கும் சீமெந்து தெரியும்" என்றாள் அக்கா. நானும் ஏறிக்கொண்டேன்.

மாடு விறாந்தையை நெருங்க மறுத்தது. இடையில் நாலடி மண். அத்தான் வேட்டியை மடித்துத் தாவ ஆயத்தமானபோது, வேட்பாளரின் ஆளாக வாசலில் நின்ற தமையன் உள்ளே போய் பிள்ளைகள் இருக்கும் நீள வாங்கு ஒன்றைத் தூக்கி வந்து குறுக்கே போட்டார். அத்தானின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "உவன் விழுந்தால் எங்கடை பக்கத்துக்கு ஒரு வோட்டுக் குறையும்."

வாக்குப் போட்டு வந்தால் வண்டியைக் காணோம். வண்டிக்காரன் வேறு சவாரி பிடித்துவிட்டான். பெருவிரலைக்கூட வெளியே நீட்டாமல் அத்தான் மத்தியானம்வரை அந்தச் சீமெந்திலேயே குந்தியிருந்தார். கடைசியில் தமையன் வந்தார்.

"இடாப்பின்படி நீ இன்னும் கரவெட்டியான்தான். உன்ரை துண்டே செல்லேல்லை, சத்தியம் மட்டும் எப்பிடியடா செல்லும்? இறங்கு. அண்ணி சோறு போட்டு வைச்சிருக்கிறாள்."

அத்தான் என்னைப் பார்த்தார். சட்டப்படி சரியென்றேன். இறங்கினார்.

அதன்பின் ஞாயிறுதோறும் மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. வேலி நகரவில்லை, அதைப்பற்றி யாரும் கதைக்கவுமில்லை. புது இடாப்பு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பெயர் மாறிவிட்டதென்று விதானையார் பெருமையோடு சொல்லிப்போனார். குடையோடு வெளிக்கிட்டிருந்த அத்தான் வாசல் படலையிலிருந்து திரும்பி வந்தார். பிறகு துண்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"உது இனிச் செல்லும். ஒருதருக்கும் காட்டாதை. புது இடாப்பு வந்தது அண்ணைக்குத் தெரியவேண்டாம்."

சொல்லிவிட்டுக் கரவெட்டிப் பக்கம் நடந்தார். தமையன் அதைக் கடைசிவரை விசாரிக்கவேயில்லை. இருவரும் போய்விட்டார்கள். துண்டை இன்றுதான் வெளியே காட்டுகிறேன்.