அருளப்பன் சொன்ன ஒத்திகைப் பாவசங்கீர்த்தனம்

அருளப்பன் இறந்த செய்தியை அவனுடைய பங்குக் கோவிலின் உபதேசியார்தான் போனில் சொன்னார். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைத் தொழிலாளிகளுக்கான ஞாயிறு மாலைப் பூசைக்கு நான் உடை மாற்றிக்கொண்டிருந்தேன். "சாமி, நம்ம அருளப்பன் சாமி பூட்டாரு. ஜனம் பூசைக்கு வந்து காத்துக்கினு இருந்தாங்க, இவரு வரல. பங்களால போய்ப் பார்த்தா நாற்காலில உக்காந்தாப்லயே இருக்காரு. ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்றாரு" என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். பூசையையும் முடித்தேன். பிரசங்கத்தில் என்ன சொன்னேன் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.

அவனை அறிந்தவர்களுக்காக, முக்கியமாகச் சாமியார் படிப்புக்கான அந்தப் பழைய குருமடத்தில் எங்களோடு படித்த வகுப்புத் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் அவன் சிரிப்பைப் பற்றியே பேசினீர்கள். பொய்யில்லை. நான் வரதய்யபாளையத்துக்காரன், அவன் சாந்திபுரத்துக்காரன். அன்று ஒரே மாவட்டத்தின் இரண்டு கோடி. பாடம் ஆங்கிலத்தில், ஜெபம் தெலுங்கில் என்றிருந்த அந்த இடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழில் சண்டை போட எனக்கு அவனும் அவனுக்கு நானும்தான் இருந்தோம்.

தவக்காலத்தில் ஒருவர் புனிதர் வரலாறு வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் சாப்பிட வேண்டும் என்பது குருமடத்து ஒழுங்கு. அருளப்பனுக்கு அது ஆகவே ஆகாது. கண்ணாலும் புருவத்தாலும் எதிரில் இருப்பவனோடு பேசிக்கொண்டே இருப்பான். ஒருமுறை குருமடத்து அதிபர் அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். வெளியே வந்தவன், "பேச ஆளில்லாம துன்னா அது சோறாடா? மாத்திரை" என்றான். நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம்.

கடைசி ஆண்டில், குருப்பட்டத்துக்கு முந்தைய படியில் திருத்தொண்டர்களாக இருந்தபோது, பாவசங்கீர்த்தனம் கேட்க ஒத்திகை நடக்கும். வகுப்பறையில் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு பழைய திரைச்சீலை. ஒருவன் குருவாக உட்காருவான். இன்னொருவன் ஏதாவது வேஷம் கட்டிக்கொண்டு கற்பனைப் பாவங்களைச் சொல்வான். பேராசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து குருவுக்கு மதிப்பெண் போடுவார். அருளப்பனின் வேஷத்துக்காக வகுப்பே காத்திருக்கும். மருமகள் வைத்த குழம்பில் உப்பை அள்ளிப் போட்ட மாமியாராக அவன் வந்தபோது பேராசிரியரே சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் குருவாக உட்கார்ந்த நாளிலும் அவன்தான் வந்தான். "சாமி, நான் ஒரு பங்குச்சாமியார்" என்று ஆரம்பித்ததும் வகுப்பில் சிரிப்பு. அவன் குரலை உயர்த்தவில்லை. "பூசை முடிஞ்சா எல்லாரும் வூட்டுக்குப் பூடறாங்க. நான் எங்க போறதுன்னு தெரியாம கோவில்லயே நின்னுக்கினு இருக்கேன். சாப்பிடறப்ப எதிர்ல யாருமில்ல. சாவற வரைக்கும் இப்படித்தானான்னு நினைச்சா பயமா இருக்கு. இதுக்கு நான் வந்திருக்கக் கூடாதோன்னு தோணுது. அதிபர்கிட்ட சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாரு. நைனா ஊரு பூரா பத்திரிகை குடுத்துட்டாரு."

நான் அசரவில்லை. ஜெபத்தில் உறுதியாக இருங்கள், மக்களோடு பழகுங்கள், இது ஒரு சோதனை, கடந்துபோகும் என்று மூன்று ஆலோசனைகள் சொல்லி, அபராதமாக ஒரு ஜெபமாலையும் சொல்லச் சொன்னேன். "இதுதான் முறை" என்று பேராசிரியர் பாராட்டினார். அன்று மாலை வாலிபால் மைதானத்தில் அவனுடைய நடிப்பில் குறை வேறு கண்டுபிடித்தேன். "பங்குச்சாமியாருக்கு ஏதுடா அதிபர்? பிஷப்புன்னு சொல்லியிருக்கணும். நைனாவையும் பத்திரிகையையும் எதுக்குடா இழுத்தே?" என்றேன். அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "ஆமாண்டா, மறந்து பூட்டேன்" என்றான்.

அவன் நைனா கொடுத்த பத்திரிகைப்படியே இரண்டு மாதத்தில் எங்களுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. சாந்திபுரமே பஸ் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது. பிறகு ஆளுக்கொரு பங்கு. கடைசியில் அவனுக்குத் திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பங்கு வாய்த்தது. "இவ்ளோ ஜனம் வந்து போற ஊர்ல என்னைப் பார்க்கத்தான்டா ஒருத்தனும் வர்றதில்ல" என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னான். மத்தியானம் ஒரு மணிக்கு அவனிடமிருந்து போன் வரும். "நான் துன்னுக்கினு இருக்கேன், நீ பாட்டுக்கு எதுனா பேசு" என்பான். சில நாள் பேசியிருக்கிறேன். பல நாள், வேலையாக இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்திருக்கிறேன், எடுக்காமலும் விட்டிருக்கிறேன். எனக்கென்ன அப்படி வேலை? நானும் இங்கே தனியாகச் சாப்பிடுகிறவன்தான். அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாத கர்வம் எனக்கு உண்டு.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவனுக்குச் சமைத்துப் போட்ட லட்சுமியம்மாவைப் பார்த்தேன். பாத்திரங்களை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டவர், பிறகு தயங்கிச் சொன்னார்: "சனிக்கிழமையும் உங்களுக்குத்தான் போன் பண்ணாரு சாமி. நீங்க எடுக்கல. தட்டை எடுத்துக்கினு போய் கோவில் படிமேல உக்காந்துக்கினாரு. நீங்க எடுக்காத நாளெல்லாம் அங்கதான் துன்னுவாரு. போறவங்க வர்றவங்களப் பார்த்துக்கினே."

அந்த அழைப்பை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதிபர் என்பவர் குருமட மாணவனுக்குத்தான் உண்டு. அன்று அவன் எந்த வேஷமும் கட்டவில்லை. வேறு எங்கே சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, வகுப்பே வேடிக்கை பார்க்க, திரைக்கு அந்தப் பக்கம் அருளப்பனாகவே வந்து உட்கார்ந்திருந்தான். தாங்க முடியவில்லை.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றுதான். அது ஒத்திகை, திருவருட்சாதனம் அல்ல. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டளை அதற்கு இல்லாததால்தான் இன்று உங்களிடம் சொல்ல முடிகிறது. நிஜமான பாவசங்கீர்த்தனமாக இருந்திருந்தால் சாகும்வரை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால், காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.