கடித்த கொய்யா குப்பைக்கு

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு வெளியே என் மாமியார் கொய்யா விற்கிறார். நான் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன்.

வௌவால் கடித்த பழத்தை விற்காதீங்க, அதன் எச்சிலில் நிபா மாதிரி வைரஸ் இருக்கலாம் என்று போன மாதம் அவரிடம் சொன்னேன்.

"இருவது வர்ஷமா விக்கிறேன். எனுக்கே பழம் சொல்லித் தர்றியா?" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று மாலை வேலை முடிந்து வந்தால், அவர் ஒதுக்கி வைத்திருந்த கொய்யாவை வாங்க வந்த ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கடிச்ச பழம்தாம்மா இனிக்கும். இதையே குடு."

"அத்த வையி நைனா, குப்பைக்குப் போவுது. அணில் கடிச்சுதோ வௌவால் கடிச்சுதோ, யாரு பாத்தா?"

"கழுவிட்டு துன்னா போச்சு."

"கழுவுனாலும் வாணாம். எம் மருமவ சொல்லிச்சு. லேப்புல வேல செய்யுது. உனுக்குத் தெரியுமா, அதுக்குத் தெரியுமா?"

மாமியார் முதுகுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஓரடி உயரம் கூடிவிட்டது.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நின்னுகினு கீற? கூடையத் தூக்கு."

தூக்கினேன். கனமே தெரியவில்லை.

உங்கள் மாமியார் உங்களைப் புகழ்ந்ததை நீங்கள் எங்கே ஒளிந்து நின்று கேட்டீர்கள்?