திருப்பிப் போட்ட ஜெர்கின்

கோலாலம்பூருக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் சமூக சேவை, சிக்னலில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிள்காரரிடம் அவர் ஜெர்கினைத் திருப்பிப் போட்டிருப்பதைச் சொன்னதுதான். முதுகில் இருக்க வேண்டிய பாகம் அவர் மார்பில் இருந்தது. ஜிப் வைத்த பக்கம் பின்னால் ஆவென்று திறந்து கிடந்தது. நெற்றியில் விபூதி இருந்ததால் நம்ம ஆள்தான் என்ற உரிமையில், "அண்ணா, ஜெர்கினைத் திருப்பிப் போட்டிருக்கறீங்க" என்றேன். "ஆமா" என்றார். புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "இல்லைங்கண்ணா, பின்பக்கம் முன்னால இருக்குது" என்றேன். "ஆமா லா" என்றார், இந்த முறை ஊர்ப் பேச்சின் ‘லா’வோடும் கொஞ்சம் இரக்கத்தோடும். பச்சை விழுந்தது. அவர் போனார், அவர் பின்னால் நின்ற கூட்டமும் போனது. பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் போட்டிருந்தார்கள். காலை அவசரத்தில் ஒருவர் மாற்றிப் போடலாம், ஊரே எப்படி மாற்றிப் போடும் என்று பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது உடை விஷயத்தில் கூடுதல் கவலை இருந்தது. பழைய கிள்ளான் சாலையில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்கு வேலை. தகுதிகாண் காலம் முடிந்து மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஈரோட்டுக்கே மூட்டை கட்ட வேண்டும். மேலாளர் புவான் ரொஹானா, அதாவது திருமதி ரொஹானா, முதல் நாளே என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "கெமாஸ், யா" என்றார். மலாயில் நேர்த்தியாக இரு என்று பொருள். அவருடைய தலைத்துணியில் ஒரு மடிப்புகூட இடம் மாறி நான் பார்த்ததில்லை. நானோ சைக்கிளில் வருகிறவன். என் அறையில் முன்பு இருந்தவர் விட்டுப்போன சைக்கிள் அது, மெலிந்த டயர், பளபளக்கும் நீலம். மட்கார்டு இல்லை. அதை நான் ஸ்டைல் என்று எண்ணிக்கொண்டேன்.

சைக்கிளில் அலுவலகம் போவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார், ஓய்வு பெறும் நாள்வரை சைக்கிள்தான். பேன்ட் நுனி செயினில் மாட்டாமல் ரப்பர் பேண்ட் போடுவார். சட்டைக் காலரில் அழுக்குப் படியாமல் பின்கழுத்தில் கைக்குட்டையை மடித்துச் செருகுவார். பிறகு, வியர்க்காத வேகத்தில் மிதிப்பார். அந்த வேகத்தில் நடந்து போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போவதும் உண்டு. ஆனால் அவர் சட்டை மாலையிலும் காலையில் தேய்த்த மாதிரியே இருக்கும். அதே வித்தையை இங்கே செய்து பார்த்தேன். ஈரோட்டு வெயில் அடிக்கும், ஆனால் வியர்வையை உடனே உலர்த்தியும் விடும். கோலாலம்பூர் வியர்வையை வரவழைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் நனைந்தேன், என்ன, நனைவதற்கு நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கைக்குட்டையை வேறு பிழிய வேண்டியிருந்தது. அப்பாவின் வித்தை கடல் தாண்டி வேலை செய்யவில்லை என்பதில் எனக்கு உள்ளூர வருத்தம்தான்.

ஜெர்கின் ரகசியத்தை விளக்கியவள் என் பக்கத்து மேசை ஜெசிந்தா. கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவள், ரயில்வேக் குடும்பத்துப் பெண். "நேரா போட்டா காத்து ஜிப் வழியா உள்ள வருது அண்ணே. தூசி, பூச்சி, மழத் தண்ணி எல்லாம் சட்டையிலதான். திருப்பிப் போட்டா முன்னாடி ஃபுல் கவர். ஆபீஸ் வந்து கழட்டுனா சட்டை கெமாஸ்" என்றாள். எனக்குக் கண் திறந்தது. அன்று மாலையே பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கறுப்பு ஜெர்கின் வாங்கினேன். மறுநாள் அதைத் திருப்பிப் போட்டு சிக்னலில் மோட்டார்களுக்கு நடுவே நின்றபோது, இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது போல ஒரு பெருமை. ஜெசிந்தா பார்த்துவிட்டு, "அது மோட்டாருக்கு லா அண்ணே" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. என் சட்டையின் முன்பக்கம் அப்படிச் சுத்தமாக இருந்தது.

தகுதிகாண் காலத்தின் கடைசி வாரத்தில், ஷா ஆலமிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் முன்னால் நான் கணக்கு விளக்க வேண்டும் என்று புவான் ரொஹானா சொல்லிவிட்டார். இதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்தேன். வழக்கமாக முதுகில் மாட்டும் பையை அன்று மாட்டவில்லை, பட்டைகள் தோளைக் கசக்கிவிடும் அல்லவா? பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஜெர்கினைத் திருப்பிப் போட்டுக் கிளம்பினேன். இரவெல்லாம் மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தது. முதுகும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் இந்த ஊரில் என் முதுகு எப்போது உலர்ந்திருக்கிறது? ஜெர்கினைக் கழற்றிவிட்டு ஆபீஸ் கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்.

வாடிக்கையாளர்களை வணங்கி நாலு வார்த்தை பேசிவிட்டு, திரையைக் காட்டத் திரும்பினேன். அறை அமைதியானது. என் கணக்கின் கனம் அவர்களைத் தாக்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மேசையின் கோடியில் ஜெசிந்தா விரலைச் சுழற்றிச் சுழற்றி ஏதோ சைகை காட்டினாள். அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்கிறாள் என்று அடுத்த பக்கம் போனேன். இன்னும் வேகமாகச் சுழற்றினாள். நானும் வேகமாகப் போனேன். சுங்கவரிப் பகுதி முழுவதையும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே விளக்கி முடித்தேன். கடைசியில் அவளே எழுந்து வந்து, "இவருக்குக் காய்ச்சல், ஏர்கான் ஒத்துக்கல" என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, தன்னுடைய ரோஜா நிற ஜெர்கினை என் தோளில் போட்டாள். போடும்போது காதருகே, "முதுகுல டயர் ஓடிருக்கு அண்ணே" என்றாள். இடுப்பிலிருந்து காலர் வரை ஒரே நேர்க்கோடாகச் சேறு. பின்சக்கரம் வழியெல்லாம் அள்ளி அள்ளி வீசியிருக்கிறது. இத்தனை நாள் அதைப் பை வாங்கிக்கொண்டிருந்தது. மட்கார்டு இல்லாத சைக்கிளில், முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு வந்தவன் அந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மீதிக் கணக்கை ரோஜா நிறத்தில், மார்பில் பூனைப் படத்தோடு, இல்லாத காய்ச்சலுக்காக இருமியபடி சொல்லி முடித்தேன். காய்ச்சலுக்கு இருமல் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வாடிக்கையாளர்கள் போனதும் புவான் ரொஹானா அறைக்குக் கூப்பிட்டார். மூட்டை கட்டுவதுதான் என்று போனேன், பயத்தில் நிஜமாகவே உடம்பு கொஞ்சம் காய்ந்தது. அவர் என் கணக்கு சரியாக இருந்தது என்றார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார். பிறகு, அந்த மடிப்புக் கலையாத முகம் கலைந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பெலி மட்கார்டு லா" என்றார். மட்கார்டு வாங்கு என்று. அந்த வாரமே வாங்கினேன்.

முதல் விடுப்பில் ஈரோடு போனபோது, கடைத்தெருவுக்குப் போகத் தம்பியின் ஸ்கூட்டரை எடுத்தேன். யோசிக்காமலே கை ஜெர்கினைத் திருப்பிப் போட்டுவிட்டது. வெளியே நின்ற அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்கண்ணு, திருப்பிப் போட்டிருக்கறே?" என்றார். "ஆமாங்கப்பா" என்றேன். "இல்ல சாமி, பின்பக்கம் முன்னால இருக்குது." "ஆமாங்கப்பா" என்றேன் மறுபடி. சொன்ன பிறகுதான், அந்த சிக்னல்காரரின் இரக்கம் என் குரலில் வந்திருப்பது உறைத்தது. ஒரு கணம் அப்பா அந்த நடைபாதையில் நின்ற புது ஆளாகவும், நான் கிளம்பிப் போகிறவனாகவும் இருந்தோம். மனசுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் எனக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"முதுகு தொறந்து கெடக்குதே" என்று முணுமுணுத்தபடி, தன் காலரிலிருந்த கைக்குட்டையை உருவி, மடித்து, என் பின்கழுத்தில் செருகினார். அது உலர்ந்திருந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். முன்னால் கோலாலம்பூரின் கறுப்பு ஜெர்கின், பின்னால் ஈரோட்டுக் கைக்குட்டை. கடைத்தெரு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்பாவின் வேகத்திலேயே போனேன், கைக்குட்டை பறந்துவிடக் கூடாது என்று.